வீட்டு நாஸும் சுமைகூலி முக்கால் பணமும்

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். "அண்ணே, வீட்டுக்கு நாஸ் ஒண்ணு கட்டப்போறேன், சரியா இருக்கான்னு பாருங்க." நாஸ் என்றால் வீட்டிலுள்ள போன், கணினி எல்லாம் நெட்வொர்க் வழியாகத் தகவலைச் சேமித்து எடுக்கும் பெட்டி. அவர் பட்டியலில் இருந்தவை: பதினாறு கோர் ரைசன் பிராசஸர், 64 ஜிபி ராம், பத்து கிகாபிட் நெட்வொர்க் கார்டு, கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் வைத்த கேபினெட். கடைசி வரியில், மளிகை லிஸ்ட்டில் மறந்துபோய் அப்புறம் சேர்த்த பெருங்காயம் மாதிரி, 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஒன்றே ஒன்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான்.

அவரைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. 2019-ல் நான் செய்தது இதைவிட மோசம். சென்னை ரிச்சி தெருவில் ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய தட்டையான சர்வர் ஒன்று, இரண்டு ஸியான் பிராசஸரோடு, கேட்ட விலைக்குக் கிடைத்தது. மார்பில் அணைத்துக்கொண்டு ரயிலேறி திருச்சிக்குக் கொண்டுவந்தேன். ஹாலில் வைத்து ஸ்விட்ச் போட்டதும் நாலு சென்டிமீட்டர் ஃபேன் ஆறும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன. அம்மா சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் பார்த்துவிட்டு வந்து, "யாருடா ஆஃப் பண்ணாம விட்டது?" என்றார்.

சத்தத்தைக்கூடப் பழகிக்கொள்ளலாம். ஈபி பில்லைப் பழக முடியாது. மீட்டர் வைத்துப் பார்த்தால், அது எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 110 வாட். இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 158 யூனிட். எங்கள் வீட்டில் வழக்கமாக 430 யூனிட் ஓடும். நம் ஊர்க் கணக்கில் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும். நான்கு பில் கட்டிவிட்டு அந்தச் சர்வரை இரும்பு விலைக்குக் கொடுத்தேன்.

அதில் தெரிந்துகொண்டது இதுதான். வீட்டு நாஸ் ஒரு நாளில் உண்மையாக உழைப்பது அரை மணி நேரம் இருக்கும். போனிலிருந்து போட்டோ ஏறும், ராத்திரி யாராவது ஒரு படம் பார்ப்பார்கள். மீதி நேரம் முழுக்கச் சும்மாதான். அதனால் பிராசஸர் எவ்வளவு வேகம் என்று பார்க்காதீர்கள், சும்மா இருக்கும்போது எவ்வளவு கரன்ட் தின்கிறது என்று பாருங்கள். பிராசஸரில் மிச்சம் பிடிக்கும் பணம் டிஸ்க்குக்குப் போகட்டும்.

டிஸ்க் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எஸ்எம்ஆரா, சிஎம்ஆரா என்று. டிஸ்க்கில் தகவல் எழுதும் இரண்டு விதங்கள் இவை. இதைச் சொன்னாலே பலர் கொட்டாவி விடுகிறார்கள், ஆனால் விஷயம் சுலபம். நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டின் மேல் அடுத்த ஓடு கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தகவல் எழுதும் தடங்கள் அப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். சிஎம்ஆரில் ஏறாமல் பக்கம்பக்கமாக இருக்கும். எஸ்எம்ஆரில் அதே இடத்தில் அதிகம் கொள்ளும், அதனால் உற்பத்திச் செலவு குறைவு. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் மேலே ஏறியிருக்கும் ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க்கைப் போட்டு ரெய்டை மறுபடி கட்டும்போது (ஒரு டிஸ்க் செத்தாலும் தகவல் தப்பிக்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுவதுதான் இந்த ரெய்டு; வருமானவரி ரெய்டு இல்லை, பயப்படாதீர்கள்) மணிக்கணக்கில் விடாமல் எழுத வேண்டியிருக்கும். எஸ்எம்ஆர் மூச்சு வாங்குவது அங்கேதான். சில மணி நேர வேலை நாள்கணக்கில் இழுக்கும், டிஸ்க் பதில் சொல்லாமல் நின்றால் சிஸ்டம் அதைப் பழுது என்று தள்ளியும் விடலாம். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலே, நாஸுக்கென்று விற்ற தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் மாடல்களை ரெட் ப்ளஸ் என்று தனிப்பெயரில் பிரித்தார்கள். ஆக, மேலே நாஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே என்று நம்ப வேண்டாம். மாடல் எண்ணை எழுதிக்கொண்டு கம்பெனியின் தளத்தில் சரிபார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

"புத்தம் புதுசு சார், சீல் பிரிக்காதது" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பெரிய களேபரமே நடந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை (எவ்வளவு நேரம் ஓடியது என்று டிஸ்க் தானே எழுதிவைக்கும் குறிப்பு) பூஜ்ஜியமாக்கி, புதிது என்று கடைகளில் விற்றிருந்தார்கள். மாட்டிக்கொண்டது எப்படி என்றால், அந்த டிஸ்க்குகள் ஃபார்ம் என்று இன்னொரு கணக்கையும் உள்ளே வைத்திருக்கின்றன, அதை அழிக்காமல் விட்டிருந்தார்கள். டிஸ்க்கின் நலம் பார்க்கும் மென்பொருளான ஸ்மார்ட்மான்டூல்ஸின் புதிய பதிப்பில் அந்தக் கணக்கைப் படிக்கலாம். இரண்டிலும் ஓடிய மணி நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். இது சீகேட்டுக்கு மட்டும்தான் செல்லும். எந்த டிஸ்க்காக இருந்தாலும் நான் செய்வது: ஜிஎஸ்டி பில், இந்திய வாரன்டி இருக்கிறதா என்று சீரியல் நம்பரை வைத்துப் பார்ப்பது, அப்புறம் டிஸ்க் முழுக்க ஒரு தடவை எழுதி, எழுதியதைத் திரும்பப் படிப்பது. 8 டெராபைட்டுக்கு எழுத மட்டுமே அரை நாள் போகும். போகட்டும். சாகப்போகிற டிஸ்க் காலியாக இருக்கும்போதே செத்துவிட்டால் நமக்கு நல்லது.

எத்தனை டிஸ்க்? வீட்டுக்கு இரண்டு போதும், ஒன்றின் நகலாக இன்னொன்று, மிரர். மூன்று நான்கு போட்டு ரெய்டு 5 கட்டினால் இடம் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியே எரிந்துபோனாலும் மிரரில் ஒரு டிஸ்க்கை உருவி இன்னொரு லினக்ஸ் கணினியில் மாட்டிப் படித்துவிடலாம். எனக்கு அந்த நிம்மதி வேண்டும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்குள் எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்கும் பெட்டி. பட்டியலில் யாரும் கண்டுகொள்ளாத பொருள், கேபினெட்டோடு இலவசமாக வருவதை அப்படியே வைத்துக்கொள்வார்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு டிஸ்க் என்றால் அதற்கு மட்டும் கிட்டத்தட்ட 100 வாட். நல்ல கம்பெனியின் 400, 450 வாட் போதும், 850 எல்லாம் தேவையே இல்லை. ஆனால் பவர் கேபிளைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிச் செய்த மலிவு ரகம் ஒன்றை நான் போட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் லேசாகத் தீய்ந்த வாடை. அடுப்பைப் போய்ப் பார்த்தோம், அயர்ன் பாக்ஸைப் பார்த்தோம். கடைசியில் மூடியைத் திறந்தால் கனெக்டர் பழுப்பாகி, இரண்டு கம்பிக்கு நடுவில் பிளாஸ்டிக் குழைந்து கிடந்தது. டிஸ்க் தப்பித்தது என் அதிர்ஷ்டம். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் கிரிம்ப் செய்த, அதாவது நசுக்கிப் பொருத்திய ரகம் கிடைக்கிறது, கொஞ்சம்தான் விலை கூட.

சூடும் அப்படித்தான். பரணில் வைத்தால் கண்ணில் படாது என்று வைத்தேன். அக்னி நட்சத்திரத்தில் டிஸ்க் 54 டிகிரி காட்டியது. 60-க்கு மேலும் தாங்கும் என்றுதான் கம்பெனிகள் எழுதுகின்றன, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கீழே இறக்கி, டிஸ்க்குகளுக்கு நேர் முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று மெதுவாகச் சுற்றும்படி வைத்த பிறகு 43. கண்ணாடிக் கதவு கேபினெட்டில் முன்பக்கம் காற்று நுழைய வழியே இருக்காது, தம்பி.

பிராசஸருக்கு வருவோம். 2023-ல் வந்த இன்டெல் என்100 போதும். நான்கு கோர், 6 வாட் என்பது அதன் கணக்கு, வீடியோவை மாற்றிக்கொடுக்கும் வேலையும் தெரியும். குறை என்னவென்றால் அதற்குச் சொந்தமாக இரண்டு சாட்டா போர்ட்தான், அதாவது டிஸ்க் மாட்டும் இடம். ஆறு போர்ட் இருக்கிறது என்று விற்கும் மதர்போர்டுகளில் மீதி எல்லாம் கூடுதல் சிப் வழியாக வருவது. ஜேஎம்பி585, ஏஎஸ்எம்1166 மாதிரி பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் வரும் சிப் என்றால் சரி. ஒரே சாட்டா போர்ட்டை ஐந்தாகக் கிளைபிரிக்கும் மல்டிப்ளையர் என்றால் வேண்டாம், ஒரு டிஸ்க் தும்மினால் மற்றதெல்லாம் சேர்ந்து இருமும். அதைவிட எனக்குப் பிடித்தது எட்டாம் தலைமுறை ஐ3 போட்ட பழைய ஆபீஸ் கணினி. என்னுடையது டிஸ்க் இல்லாமல் 17 வாட். வாங்கும்முன் மூடியைத் திறந்து, 3.5 அங்குல டிஸ்க் இரண்டு உட்கார இடம் இருக்கிறதா, பவர் கனெக்டர் வழக்கமான ரகம்தானா என்று மட்டும் பாருங்கள்.

ராம் 8 ஜிபி போதும், 16 இருந்தால் தாராளம். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் போட்டால் டெராபைட்டுக்கு ஒரு ஜிபி வேண்டும் என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஒரே தகவல் இரண்டு தடவை சேராமல் பார்த்துக்கொள்ளும் டீடூப்ளிகேஷனை ஆன் செய்தால்தான் அது ராமை விழுங்கும், வீட்டில் அதற்கு வேலையே இல்லை. பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி ராம் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். இசட்எஃப்எஸ்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ ஆரென்ஸ், மற்ற ஃபைல் சிஸ்டங்களைவிட இதற்குத்தான் இசிசி அவசியம் என்று எதுவும் கிடையாது என்று எழுதியிருக்கிறார். தகவல் மேல் அக்கறை இருந்தால் எதிலும் இசிசி நல்லது என்பதும் அவர் சொன்னதுதான். கையில் கிடைத்தால் போடுங்கள், அதற்காக ஒரு டிஸ்க்கைக் குறைக்காதீர்கள்.

பத்து கிகாபிட் கார்டை எடுத்துவிடுங்கள். வீட்டில் எல்லாரும் வைஃபையில் இருக்கிறார்கள்.

கரன்ட் போவது நம் ஊர்ச் சமாச்சாரம். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். அதில் யுபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், பெரும்பாலான வீடுகளில் அது எகோவில் கிடக்கும். எகோவில் மாறுவதற்குள் கணினி ஒரு தடவை ஆஃப் ஆகி எழுந்துவிடும். ஸ்விட்சைத் தட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு யூஎஸ்பி வயர் உள்ள சின்ன யுபிஎஸ், பேட்டரி தீரப்போகிறது என்று நாஸுக்குச் சொல்லி ஒழுங்காக ஆஃப் ஆக வைக்கும்.

இப்படியெல்லாம் மிச்சம் பிடித்த பணத்துக்கு மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்குங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மிரர் என்பது சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. போன வருடம் என் மகள் போனில் இடம் இல்லை என்று ஒரு ஃபோல்டரை அழித்தாள். நாஸிலும் அது அழிய, இரண்டு டிஸ்க்கும் அந்த நொடியே சமர்த்தாக அழித்தன. அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தி போட்டோ மொத்தமும் அதில்தான் இருந்தது. பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட்டும் நான் வைத்திருக்கவில்லை.

திரும்பக் கிடைத்தது கரூரிலிருந்து. அக்கா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில், ஒரு பழைய துண்டில் சுற்றி ஒரு யூஎஸ்பி டிஸ்க் கிடக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வருவேன், ஆடிக்கு மறுபடி மாற்றுவேன். "உன் டப்பா என் சேலையை அழுக்காக்குது"ன்னு அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்லும். நாப்தலின் வாடையோடு வந்த அந்த டப்பாவில்தான் அப்பா மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்.

தம்பி, பட்டியலைத் திருத்தி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அந்தக் கலர் விளக்கு மேல் அவ்வளவு ஆசை என்றால் சீரியல் செட் தனியாக வாங்கி மேலே சுற்றிக்கொள்ளலாம்.