எகுங்குனை வேஷம் என்று சொல்லாதீர்கள்

நைஜீரியாவின் லாகோஸில் வேலை பார்த்த நாட்களில், கூட வேலை செய்த யொருபா இனத்து நண்பர் ஒருவர், இறந்த முன்னோர் உடல் முழுக்கத் துணி மூடிய உருவில் வீடு தேடி வரும் எகுங்குன் திருவிழாவுக்காக இபாதான் நகரில் உள்ள தன் குடும்ப வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். மழை விட்ட காலை. தெருமுனையில் பாட்டா மேளச் சத்தம் கேட்டதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "உள்ளே இருப்பது யார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எங்கள் தாத்தா வந்திருக்கிறார்" என்றார். போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வந்தவரின் உடம்பில் ஒரு விரல்கூட வெளியே தெரியவில்லை. கையுறை, காலுறை, முகத்துக்கு நேரே நூலில் பின்னிய வலை. அதற்கு மேல் அடுக்கடுக்காகத் துணிப் பட்டைகள்: வெல்வெட், பூப்போட்ட பருத்தி, ஜரிகை, ஓரமெல்லாம் முக்கோணமாக வெட்டித் தைத்த சிவப்புத் துணி. அடியில் இருந்தவை நிறம் மங்கிப்போன பழந்துணிகள். குடும்பத்தார் புதுத் துணி வாங்கி மேலே தைத்துக்கொண்டே போவார்களாம், பழையதைக் கழற்றுவதில்லை. அவர் சுழன்றபோது அத்தனை பட்டைகளும் விரிந்து பறந்தன. அந்தக் காற்று மேலே படுவதே ஆசி. ஆனால் துணியைத் தொடக்கூடாது. கூட்டம் நெருங்கினால் விலக்கிவிடப் பிரம்போடு இளைஞர்கள் கூடவே ஓடுகிறார்கள்.

இதை 'முகமூடி நடனம்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. யொருபாக்கள் எகுங்குனை 'அரா ஓருன்' என்கிறார்கள், விண்ணுலகவாசி என்று பொருள். 'உலகம் சந்தை, விண்ணுலகம்தான் வீடு' என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. சந்தைக்கு வந்த பிள்ளைகளைப் பார்க்க வீட்டிலிருந்து பெரியவர் வருகிறார். தாத்தா இறந்தபின் பிறந்த ஆண் குழந்தைக்கு பாபாதுண்டே, அப்பா திரும்பி வந்தார், என்று பெயர் வைக்கிறவர்கள் இவர்கள். நம் ஊரில் சாமி வந்து ஆடுகிறவரை 'நடிக்கிறார்' என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

எல்லா முகமூடியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து நாடான பெனின் எல்லைப் பக்கம் கேது வட்டாரத்தில் நடக்கும் கெலெடே வேறு வகை. அங்கே ஆடுகிறவர் இன்னார் என்று ஊருக்கே தெரியும். ஆண்கள் மரத்தில் செதுக்கிய முகங்களைத் தலையில் தாங்கி, தாய்மாரின் சக்தியைப் போற்றி ஆடுகிறார்கள். முதல் நாள் இரவு, ஊரில் தப்பு செய்தவர்களைக் கேலி செய்து பாட்டு. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்தக் கெலெடேதான்.

வெளியிலிருந்து வந்த சொல் ஒரு தெய்வத்தை என்ன செய்யும் என்பதற்கு யொருபாக்களின் எஷுவைவிட வேறு சான்று வேண்டாம். எஷு சந்தையிலும் நாற்சந்தியிலும் இருப்பவர். மனிதர் கொடுப்பதைத் தெய்வங்களிடம் சேர்க்கும் தூதர். அதனால் படையலில் முதல் பங்கு அவருக்குத்தான். பைபிள் யொருபா மொழிக்குப் போனபோது சாத்தான் வருகிற இடத்தில் எஷுவின் பெயர் வந்து உட்கார்ந்தது. அந்த வேலையை முன்நின்று செய்த சாமுவேல் அஜாயி கிரவுதரும் யொருபாதான். 1821இல் சிறுவனாக அடிமை வணிகர்களிடம் சிக்கி, மீட்கப்பட்டு, 1864இல் பிஷப் ஆனவர். யொருபா மொழிக்கு அகராதியும் இலக்கணமும் தந்தவர். அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனாலும் அந்த ஒரு சொல்லால் இன்றும் எத்தனையோ யொருபாப் பிள்ளைகள் தங்கள் முன்னோர் கும்பிட்ட தெய்வத்தைப் பிசாசு என்றே கற்று வளர்கிறார்கள்.

எல்லாமே எனக்கு உவப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இபாதானின் ஒலோலு என்ற எகுங்குனைப் பெண்கள் பார்க்கவே கூடாது. அது வரும்போது அவர்கள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அதை என்னால் ஏற்க முடியவில்லை, நண்பரிடமும் சொன்னேன். அவர் வீட்டிலேயே இந்த வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

அன்று எங்கள் தெருவுக்கு வந்தவருக்கு அப்படித் தடை எதுவும் இல்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் நண்பரின் அம்மா வாசலுக்கு வந்து, ஈர மண்ணில் மண்டியிட்டார். வலைக்குப் பின்னாலிருந்து கரகரப்பான குரல் ஏதோ கேட்டது. கனடாவுக்கு விண்ணப்பித்திருக்கும் சின்ன மகனுக்கு விசா இன்னும் வரவில்லை என்று அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.