கண்டுபிடித்த ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு சித்தப்பா

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். லிங்க் போட மாட்டேன், ஏற்கெனவே போதுமான அளவு ஓடிவிட்டது. "புதுக் கொரோனா ஏன் சார் தமிழ்நாட்டுல மட்டும் கிடைக்குது? லேப்காரனுக்குப் பொழப்பு ஓட வேண்டாமா?" என்று கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்கிறாரே, அவர்தான். வேறு யாராவது அனுப்பியிருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அதைப் போட்டது என் சித்தப்பா. கீழே ஒரு வரி வேறு: "நம்ம வீட்லயும் ஒரு லேப் ஆள் இருந்துச்சே, அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்." அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் என் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒரே ஒருவரின் மாதிரியில் என்பி.1.8.1 என்ற கொரோனாத் திரிபு தெரிந்தது. மே மாதம் குஜராத்தில் நான்கு பேரிடம் எல்எஃப்.7 என்ற இன்னொரு திரிபு. கொரோனாவின் மரபணுவை வாசிக்கும் லேப்களின் கூட்டமைப்பான மத்திய அரசின் இன்சகாக் இந்தத் தரவை வெளியிட்டது. நம் சேனல்களுக்கு அது போதாதா? "தமிழகத்தில் புதிய வகை கொரோனா" என்று சிவப்புப் பட்டை ஓடியது. அடுத்த நாளே அது "தமிழகத்திலிருந்து புதிய வகை" ஆகிவிட்டது. 'இல்'லுக்கும் 'இலிருந்து'க்கும் வித்தியாசம் தெரியாதவர்களா இவர்கள்? வீட்டில் திருடன் பிடிபட்டால் "இந்த வீட்டுப் பிள்ளைதான் திருடன்" என்று எழுதுவார்களா?

உலக சுகாதார நிறுவனம் மே 23ஆம் தேதி இந்த என்பி.1.8.1ஐக் கண்காணிப்பில் உள்ள திரிபுகளின் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் அறிக்கைப்படி இதன் மிகப் பழைய மாதிரி ஜனவரி 22இல் எடுக்கப்பட்டது. மே 18 வரை 22 நாடுகளிலிருந்து இதன் 518 மரபணு வரிசைகள் பொதுத் தரவுத்தளத்துக்கு வந்திருக்கின்றன. நம் ஊரில் ஒன்று. ஏப்ரலில். ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கு ஏப்ரலில் பார்த்தவன் அப்பாவாக முடியுமா சித்தப்பா?

கண்டுபிடித்த ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு. இந்தப் பதிவில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். சலிப்பாக இருந்தால் இப்போதே நகர்ந்துவிடுங்கள்.

வைரஸின் மரபணுவை வாசிக்கும் அந்த லேப் வேலை என்னவென்று தெரியாமல் சிரித்த ஏழு பேருக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரி ஆர்டி-பிசிஆரில் பாசிட்டிவ் வந்ததோடு எல்லோருக்கும் வேலை முடிந்துவிடும். எங்களுக்கு அங்கேதான் தொடங்கும். சிடி மதிப்பு குறைவாக இருக்கும் மாதிரிகளை, அதாவது வைரஸ் நிறைய இருப்பவற்றை, பொறுக்கி எடுப்போம். எங்கள் லேபில் 25ஐத் தாண்டினால் ஓரமாக வைத்துவிடுவோம். அந்த வைரஸின் மரபணுவான ஆர்என்ஏ ஏறக்குறைய 30,000 எழுத்து நீளம். வூகானிலிருந்து வந்த, நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் மூலப்படி 29,903 எழுத்து. அதை ஒரே மூச்சில் படிக்க முடியாது. டிஎன்ஏவாக மாற்றி, சுமார் 400 எழுத்துத் துண்டுகளாக, ஓரத்தில் ஒன்றோடொன்று படிகிற மாதிரி பெருக்கி, இயந்திரத்தில் ஏற்றி, வந்த துண்டுகளை மூலப்படியின் மேல் அடுக்கிப் பார்ப்போம். பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சின்னத் துணுக்கான ப்ரைமர் உட்கார வேண்டிய இடத்திலேயே எழுத்து மாறியிருந்தால் அந்தத் துண்டே வராது. திரையில், வாசிக்க முடியாத எழுத்துக்குப் பதிலாக, வரிசையாக 'N' 'N' என்று வெற்றிடம்தான் நிற்கும். அந்த வெற்றிடத்தைப் பார்த்து விடியற்காலை மூன்று மணிக்கு அழுதிருக்கிறேன். சும்மா சொல்லவில்லை.

பழைய ஏடுகளைத் தேடியலைந்த உ.வே.சா. என்ன செய்தார்? ஒரே நூலின் பல சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்தார். ஒரு சுவடியில் விழுந்த பிழை இன்னொன்றிலும் அப்படியே இருந்தால், அது இதைப் பார்த்து எழுதியது, அல்லது இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை. நாங்கள் செய்வதும் அதே வேலை. இந்த வைரஸ் தன்னைப் பெயர்த்து எழுதும்போது மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு எழுத்துப்பிழை தங்கிவிடுகிறது. அந்தப் பிழைகளை வைத்து எது எதன் வாரிசு என்று மரம் வரைகிறோம். உ.வே.சா. ஒரு பாடபேதத்தைக் குறித்து வைத்தால் "நீர்தானே ஓய் பிழையைப் புகுத்தினீர்" என்றா கேட்பார்கள்?

ஆனால் எங்களைக் கேட்கிறார்கள்.

இயந்திரத்தைவிடச் சிரமம் எது தெரியுமா? டியூப்பின் மேல் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டு. ஒருமுறை ஐஸ் உருகி மை கரைந்து "நாக" வரைக்கும்தான் மிச்சம். நாகப்பட்டினமா, நாகர்கோவிலா? இரண்டுக்கும் நடுவில் பாதித் தமிழ்நாடு கிடக்கிறது. நான்கு ஃபோன் போட்டேன். எடுத்த அக்கா ராத்திரி டியூட்டி முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், திட்டவில்லை, எழுந்து ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொன்னார். அந்த அக்காவையும் சேர்த்துத்தான் "பொழப்பு ஓட்டுறாங்க" என்கிறீர்கள்.

2021 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? 24ஆம் தேதி தென்னாப்பிரிக்கா ஒரு புதுத் திரிபு பற்றி உலக சுகாதார நிறுவனத்திடம் சொன்னது. மறைக்கவில்லை, இழுத்தடிக்கவில்லை. போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் லேப்களில் இருந்தவர்கள் பார்த்த கையோடு உலகத்துக்கு அறிவித்தார்கள். 26ஆம் தேதி அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே பிரிட்டன் தென் ஆப்பிரிக்கப் பகுதியின் ஆறு நாடுகளைச் சிவப்புப் பட்டியலில் போட்டுவிட்டது. வரிசையாக எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். அப்புறம் நெதர்லாந்து தன் பழைய மாதிரிகளைக் கிளறிப் பார்த்தது. நவம்பர் 19லும் 23லும் எடுத்தவற்றிலேயே ஒமைக்ரான் இருந்தது! தென்னாப்பிரிக்கா வாய் திறப்பதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. நெதர்லாந்தை யாராவது ஊர்விலக்கு செய்தார்களா? செய்யவில்லை. முதலில் சொன்னவனுக்குத்தான் அடி.

அந்த வருடம் மே மாதம் "இந்திய வகை" என்று உலகம் எழுதியபோது நமக்கு எப்படி வலித்தது? அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி மத்திய அரசே சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. மே 31இல் உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளைக் கொண்டுவந்ததே ஊர்ப்பெயர் சொல்லி ஏசுவதை நிறுத்தத்தான். நாம் நிம்மதியாக டெல்டா என்று சொல்லப் பழகினோம். ஆறு மாதம் கழித்து நம் குடும்பக் குழுவில் வந்த செய்தி என்ன? "ஆப்பிரிக்காக்காரன் கொண்டு வந்துட்டான்." அனுப்பியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே டிசம்பரில்தான் என் வீட்டு ஓனரம்மா என்னைக் கூப்பிட்டு, "மாடிப்படிக் கைப்பிடியைத் தொடாம ஏறிப் போம்மா, பேரப்பிள்ளைங்க வருது" என்றார். நான் தினமும் கைகழுவிய அளவுக்கு அந்தத் தெருவே கழுவியிருக்காது. பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, பையன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், வீடு வேண்டும் என்றார். பையன் வரவில்லை. நான் போனேன்.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். கமெண்டில் எப்படியும் கேட்பீர்கள்.

"திரிபு எதுவானால் என்ன, நோயாளிக்கு அதே மாத்திரைதானே?" நல்ல கேள்வி, உண்மையிலேயே. படுக்கையில் கிடப்பவருக்கு எங்கள் ரிப்போர்ட்டால் அன்றைக்கு ஒரு பயனும் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2021இல் கொரோனாவுக்கு ஆன்டிபாடி காக்டெயில் என்று ஒரு மருந்து வந்ததே, ஒரு நோயாளிக்கு 59,750 ரூபாய் என்று, நினைவிருக்கிறதா? நகையை அடகு வைத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஒமைக்ரானுக்கு அது வேலை செய்யாது என்று எப்படித் தெரிந்தது? வைரஸின் மேல் முள்ளாக நிற்கும், அந்த மருந்து போய் ஒட்ட வேண்டிய ஸ்பைக் புரதத்தில் எந்தெந்த எழுத்து மாறியிருக்கிறது என்று யாரோ உட்கார்ந்து வாசித்ததால். 2022 ஜனவரியில் அமெரிக்காவிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். வாசிக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை தாலிக்கொடி அடகுக்குப் போயிருக்கும்?

"சும்மா பயமுறுத்துறாங்க." பயமுறுத்துவது சிவப்புப் பட்டை. எங்கள் ரிப்போர்ட்டில் ஆச்சரியக்குறியே கிடையாது. இந்த என்பி.1.8.1க்குக்கூட உலக அளவில் கூடுதல் ஆபத்து குறைவு என்றுதான் அறிக்கையில் இருக்கிறது. அதை யார் படித்தார்கள்? அடுத்தது.

"வெளிநாட்டு மருந்துக் கம்பெனிப் பணம்." எனக்கு மாதம் எவ்வளவு வந்தது என்று என் அம்மாவைக் கேளுங்கள். மூன்று மாதம் வராமலே இருந்ததையும் கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்த அன்று ஐடி கார்டை வாங்கிக்கொண்டு ஒரு டீகூட வாங்கித் தரவில்லை. எந்த லேப் என்று சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள்.

"முன்னாடியே தெரிஞ்சா ரெண்டாவது அலையை ஏன் தடுக்கல?" இந்தக் கேள்விதான் என்னைக் குத்துகிறது. இன்சகாக் 2020 டிசம்பரில் தொடங்கியது, பத்து லேப்களோடு. பாசிட்டிவ் மாதிரிகளில் நூற்றுக்கு ஐந்தை வாசிப்பது இலக்கு. நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாமல் மாதங்கள் போயின. அப்படியும் 2021 மார்ச் தொடக்கத்திலேயே அதிகாரிகளை எச்சரித்தார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. கூட்டங்கள் நின்றனவா? தேர்தல் நின்றதா? கும்பமேளா நின்றதா? மே மாதம் அதன் ஆலோசனைக் குழுத் தலைவர் ஷாஹித் ஜமீல் விலகினார். அப்போதும் கேள்வி வாசித்தவனிடம்தான். காதில் வாங்காதவனை யாரும் கேட்கவில்லை.

சீனாவில் ஜாங் யோங்ஜென் என்று ஒரு விஞ்ஞானி. அந்த முதல் மூலப்படியை 2020 ஜனவரி 11இல் உலகத்துக்குத் திறந்துவிட்டவர் அவர்தான். உலகத்தில் எந்த மூலையிலும் பிசிஆர் கிட் செய்யவும் தடுப்பூசி வடிவமைக்கவும் அது போதுமாக இருந்தது. மறுநாளே "சீர்திருத்தம்" என்று சொல்லி அவர் லேபை மூடினார்கள். 2024 ஏப்ரலில் ஷாங்காயில் அவரை லேபைக் காலிசெய்யச் சொல்ல, மனிதர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், அங்கேயே படுத்தார். அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி எனக்கு ஓனரம்மாவின் மாடிப்படி ஞாபகம் வந்தது. அவரோடு என்னை ஒப்பிடவில்லை, அந்த அளவுக்குத் திமிர் இல்லை. ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசே சென்னையில் சொந்தமாக ஒரு மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகம் திறந்தது. அதுவரை மாதிரியை வெளிமாநிலத்துக்கு அனுப்பிவிட்டு வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தோம். பார்க்கிற ஊரில்தான் தெரியும். பார்க்காத ஊரில் ஒன்றும் தெரியாது. அங்கே நோய் இல்லை என்று இதற்கு அர்த்தமா? விளக்கு எரியும் வீட்டில்தான் கரப்பான் தெரிகிறது என்பதற்காக விளக்கையா அணைப்பீர்கள்? அணைப்பீர்கள் போலிருக்கிறது.

இதையெல்லாம் குழுவில் எழுதத்தான் ஆரம்பித்தேன். அழித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பா, அப்பா போனது 2021 மே 21. அன்றைக்கு மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. அப்பா அதற்குப் பத்து நாள் முன்னால் எண்ணப்பட்டவர். டெல்டாவாகத்தான் இருந்திருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்வேன். ஆனால் எனக்குத் தெரியாது. அப்பாவின் மாதிரியை யாரும் வாசிக்கவில்லை. குச்சி, டியூப், பாசிட்டிவ், அதோடு சரி. ஜூலையில் நான் அந்த வேலையில் சேர்ந்தது ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு டியூப்பையும் எடுக்கும்போது அதன் மேலிருக்கும் வயதைப் பார்ப்பேன். 61 என்று இருந்தால் கை ஒரு நொடி நிற்கும்.

சுடுகாட்டுக்கு அன்றைக்குப் போனது நீங்கள் ஒருவர்தான். வேறு யாரையும் விடவில்லை, விட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளை உறைக்குள் வியர்த்துக் கொட்டி, திரும்பி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "நல்லா போயிட்டாரும்மா" என்றீர்கள். அந்த மனிதர்தான் இந்த வீடியோவை ஃபார்வர்டு செய்தவர் என்பதை என்னால் இன்னும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

சித்தி இதைப் படிப்பார்கள், தெரியும். சித்தி, அவருக்குக் காட்ட வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்.

இல்லை, காட்டுங்கள். சாப்பிட்ட பிறகு காட்டுங்கள்.