தூக்குநூலும் உடன்படிக்கைப் பெட்டியும்

திறந்து வைத்திருந்த வேதாகமத்தின் மேல் ஒரு மூலைமட்டமும் ஒரு கவராயமும் கிடந்ததை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. வேதப்புத்தகத்தின் மேல் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றி வைக்கக் கூடாது என்று கண்டித்து வளர்க்கப்பட்டவன் நான். அன்று கண்கட்டை அவிழ்த்தவுடன் என் பார்வையில் பட்டதே அதுதான்: பழுப்பேறிய பக்கங்களின் மேல் பித்தளைக் கருவிகள் இரண்டு, கவராயத்தின் கூர்முனைகள் இரண்டும் மூலைமட்டத்துக்கு அடியில் மறைந்தபடி. கல்தச்சர்களின் கருவிகளைச் சின்னமாகக் கொண்ட சகோதர அமைப்பான ஃப்ரீமேசன் சபையில் சேர்ந்து 15 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தக் கருவிகளை எடுத்து வைக்கும் பொறுப்பில் நானே பலமுறை இருந்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கூச்சம் முழுதாகப் போய்விடவில்லை. வேதாகமப் பொருள்களை லாட்ஜ், அதாவது எங்கள் கிளைச் சபை, எடுத்தாளும் விதத்தில் எனக்குப் பெருமதிப்பும் உண்டு, நெடுநாளாக அடக்கி வைத்திருக்கும் ஒரு மனக்குறையும் உண்டு.

கைகுலுக்கும் முறை, அடையாளச் சொல் போன்றவற்றைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகவே அவற்றை எழுதப் போவதில்லை. அவற்றைத் தேடி வருவோர் பெரிதாக எதையும் இழந்துவிடவுமில்லை, எங்களிடம் இருப்பவற்றில் சுவை மிகக் குறைந்தவை அவைதாம். ‘லாட்ஜ்’ என்றதும் தமிழில் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வருகிறது. அதில் பெரிய பிழை இல்லை, ஏனெனில் இடைக்காலத்தில் பேராலயங்கள் எழும்பிய இடங்களில் கல்தச்சர்கள் கருவிகளைப் பத்திரப்படுத்தவும், வேலை பார்க்கவும், மழைக்கு ஒதுங்கவும் போட்டுக்கொண்ட கொட்டகைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கல்லே செதுக்காதவர்கள் அந்தக் கொட்டகைக்குள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள். லண்டனின் நான்கு லாட்ஜுகள் 1717ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று ஒரு மதுக்கடையில் கூடித் தலைமைச் சபையை அமைத்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல், எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் மதம் எதுவோ அதையே உறுப்பினரிடம் எதிர்பார்த்தது, தனித்த நம்பிக்கைகளை அவரவரிடமே விட்டுவிட்டது. மதச் சண்டைகளில் களைத்துப்போயிருந்த ஒரு தேசத்தில் எழுந்த குரல் அது.

அன்றைய லாட்ஜுகளுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. மதுக்கடையின் மாடியில் கூடுவார்கள். தரையில் சுண்ணக்கட்டியாலும் கரியாலும், எருசலேமில் சாலொமோன் அரசர் கட்டிய ஆலயத்தை நினைவூட்டும் தூண், ஏணி, நட்சத்திரம் என்று வரைவார்கள். கூட்டம் முடிந்ததும் ஈரத் துடைப்பத்தால் ஒன்றுவிடாமல் துடைத்துவிடுவார்கள். இன்று லாட்ஜ்களில் சட்டமிட்டு வைக்கும் ஓவியப் பலகைகள் அந்தத் தரைக்கோலத்தின் வாரிசுகள். துடைத்துவிடக்கூடிய சாலொமோன் ஆலயம் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும். படத்தையே ஆலயமாக எண்ணி மயங்க அதில் வழியே இல்லை. பலகை வந்து, தேக்குச் சட்டம் வந்து, தங்கப்பூச்சும் வந்தபிறகு அந்த மயக்கத்துக்கு இடம் உண்டாகிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

லாட்ஜில் உள்ள எல்லாப் பொருள்களிலும் பிரதி அல்லாதது ஒன்றே ஒன்றுதான், பீடத்தின் மேல் திறந்திருக்கும் வேதநூல். மற்றவை யாவும் மாதிரிகள். இங்கிலாந்தின் தலைமைச் சபை 1929இல் வகுத்த அடிப்படைக் கொள்கைகளின்படி, கூட்டம் நடக்கும்போது வேதநூலும் மூலைமட்டமும் கவராயமும் பார்வையில் இருந்தாக வேண்டும், அவற்றுள் வேதநூலே முதன்மையானது. பிரான்சின் தலைமைச் சபைகளுள் ஒன்றான கிராண்ட் ஓரியன்ட் 1877இல் இறைநம்பிக்கை பற்றிய நிபந்தனையை நீக்கியதால் எழுந்த பிளவு இன்றுவரை ஆறவில்லை. அதே சமயம், வேதநூல் என்பது வேதாகமமாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாக்குறுதி எடுப்பவர் தமக்குப் புனிதமான நூலின் மேல் கைவைத்தே எடுக்கிறார். 1953இல் அமைந்த இஸ்ரேல் தலைமைச் சபையில் எபிரேய வேதம், கிறிஸ்தவ வேதாகமம், குர்ஆன் மூன்றும் ஒன்றாக வைக்கப்படுகின்றன. ஒரே பீடத்தில் கீதையும் குர்ஆனும் வேதாகமமும் அருகருகே திறந்திருக்க, மூன்று புதியவர்கள் மூன்று நூல்களின் மேல் கைவைத்து ஒரே வாக்கியத்தைச் சொன்னதை நானே கண்டிருக்கிறேன். வேறெங்கும் எனக்குக் கிடைக்காத காட்சி அது. உறுப்பினர் ஏறிச் செல்லும் படிகள் மூன்று: கவராயத்தின் முனைகள் முதற்படியில் மறைந்திருக்கும், இரண்டாம் படியில் ஒன்று வெளிப்படும், மூன்றாம் படியில் இரண்டும் மேலே வந்துவிடும். அந்த நகர்வைச் செய்யும்போது என் விரல் தாளில் உரசும் சத்தம் எனக்கு மட்டுமே கேட்கும்.

அடுத்து, சாலொமோன் ஆலய வாசலின் இரு தூண்கள். 1 இராஜாக்கள் 7ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அவை தெரிந்தவையே: வெண்கலத்தில் வார்த்தவை, 18 முழ உயரம், 12 முழச் சுற்றளவு, மேலே ஐந்து முழத்தில் தலைப்பு, அதில் லீலிப் பூ வேலைப்பாடும் வரிசை வரிசையாக மாதுளம்பழங்களும். வலப்புறத் தூணுக்கு யாகீன் (‘நிலைநிறுத்துவார்’ என்று பொருள்) என்றும் இடப்புறத் தூணுக்கு போவாஸ் என்றும் பெயர். 2 நாளாகமம் அதே தூண்களுக்கு 35 முழம் என்கிறது, எரேமியா அவை உள்ளே வெறுமையாகவும் நான்கு விரற்கடை கனமாகவும் இருந்தன என்கிறார். லாட்ஜ் இந்த உட்குடைவைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் சபையின் ஆவணங்கள் வைக்கப்பட்டன என்று கதை வளர்த்தது. உச்சியில் பூகோள உருண்டை ஒன்றையும் வானகோள உருண்டை ஒன்றையும் ஏற்றி வைத்தது. வேதாகமத்தில் உருண்டையும் இல்லை, ஆவணமும் இல்லை. கிண்ணம்போல் வளைந்த மேற்பகுதி மட்டுமே உண்டு. அந்தக் கிண்ணம் நாளடைவில் கோளமாகிப் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதையே வேதத்தில் உள்ளபடி என்று மேடையில் முழங்கும் மூத்த சகோதரர்களைக் கண்டால்தான் எரிச்சல் வருகிறது. தூண்கள் நிறுத்தப்பட்டதைப் பல்லாயிரம் முறை ஓதும் நாங்கள், 2 இராஜாக்கள் 25ஆம் அதிகாரத்தில் கல்தேயர், அதாவது பாபிலோனியர், அவற்றை உடைத்து வெண்கலத்தைப் பாபிலோனுக்கு அள்ளிச் சென்றதை மூச்சுவிடுவதில்லை. ‘நிலைநிறுத்துவார்’ என்று பெயர் சூட்டப்பட்ட தூண் உடைத்து எடுத்துச் செல்லப்பட்டது என்பதை ஒரு புதியவனிடம் சொல்லிப் பாருங்கள், மற்ற விளக்கவுரை எதையும்விட அது அவனை வெகுநேரம் யோசிக்க வைக்கும்.

இந்தத் தூண்களின் சின்னஞ்சிறு மர வடிவங்கள் லாட்ஜ் தலைவருக்கு அடுத்த அதிகாரிகளான இரண்டு வார்டன்களின் மேசைகளில் இருக்கும். வேலை நடக்கும்போது மூத்த வார்டனுடையது நிமிர்ந்திருக்கும், இளையவருடையது படுத்திருக்கும். இளைப்பாற அழைத்தவுடன் அவை மாறிவிடும். பேச்சில்லாமல் ஒரு கூட்டத்தின் நிலையைத் தெரிவிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஈராம் கதையிலும் இதே சிக்கல்தான். தீரு நகரத்திலிருந்து சாலொமோன் வரவழைத்த ஈராம், நப்தலி கோத்திரத்து விதவையின் மகன், வெண்கல வேலைக்காரர். வேதாகமம் அவரைக் கட்டடக் கலைத்தலைவர் என்று சொல்லவில்லை, அவர் கொலையுண்டார் என்றும் சொல்லவில்லை. எடுத்த வேலையை எல்லாம் செய்து முடித்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பால் போகிறது. மூன்றாம் படியின் உயிர்நாடியான அந்த மரணக்கதை 1730இல் அச்சில் தலைகாட்டுகிறது. வாக்கைக் காக்க உயிரை விட்ட ஒரு தொழிலாளியின் கதையாக அது என்னை இன்றும் உலுக்குகிறது. அதைக் கதை என்று சொல்லிக் கேட்டால் அதன் வலு ஒரு குன்றிமணியளவும் குறையாது. வரலாறு என்று சாதித்தால்தான் குறைகிறது, ஏனெனில் அடுத்த வாரமே அந்த இளைஞன் வீட்டில் வேதாகமத்தைப் புரட்டிப் பார்ப்பான்.

லாட்ஜ் வேதாகமத்தை மிகச் சரியாகக் கையாளுவது கருவிகளிலும் கல்லிலும்தான். 1 இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தின் ஒரு வசனப்படி, ஆலயத்தின் கற்கள் வெட்டுமிடத்திலேயே சீராக்கப்பட்டு வந்தமையால், கட்டுமிடத்தில் சுத்தியின் ஓசையோ எந்த இரும்புக் கருவியின் ஓசையோ கேட்கவில்லை. முதற்படிக்கு வருபவரிடமிருந்து உலோகம் அனைத்தையும் வாங்கி வைத்துவிடுகிறோமே, அதற்கு எங்களிடையே சொல்லப்படும் காரணங்களில் ஒன்று இதுதான். காசு, மோதிரம், சாவிக்கொத்து எல்லாம் ஒரு தட்டில் போய்விடும். வசதியுள்ள ஒருவர் தட்டைப் பார்த்து அரை நொடி தயங்கியதைக் கண்டிருக்கிறேன். உள்ளே அவரை எதிர்கொண்டவை இரண்டு கற்கள், ஒன்று கரடுமுரடானது, மற்றது செதுக்கி வழவழப்பாக்கியது. இரண்டிலும் கைவைத்துப் பார்க்கலாம், தடவிப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ‘இதில் நீ எது?’ என்று கேட்க வேண்டிய அவசியமே எழுவதில்லை.

தூக்குநூல் அதைவிட மேல். ஆமோஸ் தீர்க்கதரிசி கண்ட காட்சியில், நூலிட்டுக் கட்டிய மதிலின் மேல் ஆண்டவர் கையில் தூக்குநூலோடு நிற்கிறார். அமெரிக்க முறையில் இரண்டாம் படியில் அந்தப் பகுதி ஓதப்படுகிறது. தமிழில் இதை நினைக்கும்போது கிடைக்கும் ஒரு செல்வம் வேறு மொழியில் கிடைக்குமா என்பது ஐயமே: நமக்குச் சுவரைச் சரிபார்ப்பதும் நூல், படித்துத் தெளிவதும் நூல். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மாந்தரின் மனக்கோணலைத் தீர்ப்பது நூல் என்று நம் இலக்கணமே சொல்லி வைத்திருக்கிறது. இளைய வார்டனின் மார்பில் தூக்குநூல் தொங்க, பீடத்தில் வேதநூல் திறந்திருக்க, இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டதை நினைத்து நான் மனத்துக்குள் சிரித்துக்கொண்டதுண்டு.

வெளியிலிருந்து வரும் எதிர்ப்பில் சைத்தான் வழிபாடு என்றெல்லாம் சொல்லப்படுவதை நான் பொருட்படுத்துவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பு அப்படிப்பட்டதன்று. 1738இல் பன்னிரண்டாம் கிளமெண்ட் விதித்த தடை 1983இல் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது, 2023இலும் அது மாறவில்லை என்று அறிவிக்கப்பட்டது. எல்லா வேதங்களையும் ஒரே பீடத்தில் சமமாக வைத்தால் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் உண்மை என்னவாகும் என்ற அவர்களின் கேள்வி நேர்மையானது. கருவிகளையும் கல்லையும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிகிறது: கல்லைச் செதுக்குவது எந்த மதத்துக்கும் விரோதமன்று. பத்துக் கட்டளைக் கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டியை வைத்துக்கொண்டு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. என் மனக்குறையும் அங்கேதான் இருக்கிறது.

மூன்று படிகளையும் முடித்தவர்கள் சேரும் ராயல் ஆர்ச் சாப்டர்களில், குறிப்பாக அமெரிக்க முறையில், அந்தப் பெட்டியின் பிரதி சடங்கில் இடம்பெறுகிறது. ஐக்கிய இங்கிலாந்துத் தலைமைச் சபையின் சின்னத்திலேயே உச்சியில் பெட்டியும் இருபுறமும் சிறகுள்ள வானவர்களான கேருபீன்களும் உண்டு. சின்னமாக வரைவது வேறு, மரத்தில் செய்து தூக்கிக்கொண்டு வருவது வேறு. யாத்திராகமம் அதன் அளவைச் சொல்கிறது: நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம், சீத்திம் மரம், உள்ளும் புறமும் பசும்பொன். அதே அதிகாரம், சுமக்கும் தண்டுகள் வளையங்களிலிருந்து கழற்றப்படலாகாது என்றும் சொல்கிறது. கைபடாமல் சுமப்பதற்கே அந்தத் தண்டுகள். பெட்டியை இழுத்துவந்த மாடுகள் மிரண்டபோது அது விழாமல் தாங்கிப் பிடித்த ஊசா நின்ற இடத்திலேயே செத்தான். அவன் எண்ணம் நல்லதாயிருந்தும் அவனுக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. தூக்குநூலின் பொருள் தொட்டுப் பயன்படுத்துவதில் இருக்கிறது, பெட்டியின் பொருளோ தொடக் கூடாது என்பதில் இருக்கிறது. தொடக் கூடாத ஒன்றை ஒத்திகைக்கு எடுத்துவந்து, ‘கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள்’ என்று சொல்லும்போது நாம் எதைக் கற்பிக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. பாபிலோனியர் அள்ளிச் சென்றவற்றின் பட்டியலில்கூடப் பெட்டி இல்லை, வேதாகமத்தின் அந்தப் பக்கங்களிலிருந்து அது சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. அந்த மறைவை மதித்து, காலியான ஒரு மேடையை மட்டும் வைத்திருந்தால் போதுமே என்று ஒருமுறை கூட்டத்தில் சொன்னேன். அழகான கருத்து என்று பாராட்டி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் பெட்டி ஒட்டுப்பலகையில் செய்தது, மூலைகளில் பொன்வண்ணம் உரிந்திருக்கிறது, ஒரு கேருபீனின் சிறகு பசையால் ஒட்டப்பட்டது. சென்ற கூட்டம் முடிந்தபின் பொருள்களை அடுக்கி வைக்கும் முறை என்னுடையது. பெட்டி அலமாரிக்குள் நுழையாததால், தண்டுகளைக் கழற்றித் துடைப்பங்களோடு மூலையில் சாத்தி வைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டிருந்தது. அன்று எல்லோரும் போனபிறகு அலமாரியின் நடுத்தட்டைத் திருகு கழற்றி எடுத்துவிட்டு, தண்டுகளை வளையங்களில் மாட்டியபடியே பெட்டியை உள்ளே தள்ளினேன். இரண்டு தண்டு முனைகளும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கதவு இன்னும் மூடவில்லை.