‘எறியாதே’ என்று வளர்த்துவிட்டு

போன கிழமை எங்கட முன்பள்ளியின் விளையாட்டு விழா. தேசிக்காய் கரண்டி, முயல் பாய்ச்சல், பணிஸ் சாப்பிடுதல் எல்லாம் வழமைபோல முடிந்து, கடைசியில் வாளிக்குள் பந்து போடும் போட்டி. நாலரை வயதுப் பொடியன் ஒருத்தன் கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் வீசினான். பந்து அவனுக்குப் பின்னாலேயே விழுந்தது. பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஒலிவாங்கி பிடித்தவரும் தன் பங்குக்கு ஒரு பகிடி விட்டார். பிள்ளை வாளியைப் பார்க்கவில்லை, தாயின்ர முகத்தைத்தான் பார்த்தான்.

அந்தப் போட்டியை நிரலில் சேர்த்தது நான்தான். வருஷம் முழுக்க அவன்ர கையில் பந்தே குடுக்காமல், விழாவன்று ஊர் பார்க்க எறியச் சொன்னதும் நான்தான்.

நடக்கிறது, ஓடுறது மாதிரி எறியிறதும் தானாக வரும் என்று நினைக்கிறோம். ஓரளவுக்குத்தான் வரும். மூன்று வயதுப் பிள்ளை இலக்கை நேரே பார்த்து நின்று, முழங்கையால் மட்டும் தள்ளிவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் எறிகிற கைப்பக்கத்துக் காலையே முன்னுக்கு வைக்கும். வலக்கையால் எறிந்தால் இடக்கால் முன்னுக்கு வருவதும், இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்புவதும் எறிந்து எறிந்துதான் வரும். வளர்ந்த ஆட்களிலும் கனபேர் அந்த இரண்டாம் படியிலேயே நிற்கிறோம். நம்பாவிட்டால் வளவுக்குள் போய் ஒரு கல்லை எடுத்து எறிந்து, எந்தக் கால் முன்னுக்கு நிற்குது என்று பாருங்கோ.

கல்லை எடுத்து எறி என்று எழுதவே எனக்குக் கை கொஞ்சம் தயங்குது. சண்டை முடிந்து, 2010இல் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பினபோது என்ர மூத்தவனுக்கு ஐந்து வயது. பற்றைக்கரை எல்லாம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. மிதிவெடி பற்றிச் சொல்லித்தர வந்தவர்கள் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, ‘தெரியாத பொருளைத் தொடாதே, எடுக்காதே, எறியாதே’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வீட்டில் நானும் அதைத்தான் சொன்னேன். அவன் மாங்காய்க்குக் கல் எடுக்கக் குனிந்தாலே என்ர சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். அது பிழை என்று சொல்லமாட்டேன், அந்த நேரத்தில் உயிர்தான் பெரிசு. ஆனால் அவனுக்கு இப்ப இருபது தாண்டிவிட்டது, கிரிக்கெட்டில் பவுண்டரிக் கரையில் இருந்து பந்தை உருட்டித்தான் அனுப்புவான். கூட்டாளிமார் சிரிக்கிறார்கள் என்று இப்ப விளையாடவே போறதில்லை. எறியாதே என்று சொன்ன நாங்கள், வளவு துப்புரவாகின பிறகு ‘இப்ப எறி’ என்று சொல்ல மறந்துபோனோம்.

சரி, எப்படிப் பழக்குறது? நான் பட்டுத் தெரிந்ததைச் சொல்லுறன்.

முதல் பிழை, குறி. சின்ன வாளியைக் காட்டி ‘உள்ளுக்கு விழுத்து’ என்றால் பிள்ளை பயந்து பயந்து கையால் மெல்லத் தள்ளும், உடம்பு திரும்பாது. பலமாக எறியச் சொன்னால்தான் கால் முன்னுக்கு வரும், இடுப்பு திரும்பும். எங்கட முன்பள்ளியின் பின்பக்கம் இன்னும் பழைய தகர அடைப்புத்தான். மண்ணில் ஒரு கோடு கீறி, ‘தகரம் அதிரவேணும்’ என்று மட்டும் சொன்னேன். படார், படார். முன்வைக்கிற காலுக்கு ஒரு ரயரைப் படுக்கப் போட்டு, ‘இதுக்குள்ள மிதிச்சு எறி’ என்றேன். அவ்வளவுதான். மூன்று நாளில் கைகள் மாறினதைக் கண்ணால் கண்டேன். பக்கத்து வீட்டு ஐயா மட்டும் மத்தியான நித்திரை போச்சுது என்று இன்னும் முகம் தாறதில்லை. குறி எல்லாம் பிறகு. முதலில் பெரிய கடகம், பிறகு அடுக்கின பால்மாப் பேணி. விழுந்த பேணியை அடுக்க ஓடுறதுதான் அவையளுக்கு எறியிறதைவிடச் சந்தோஷம்.

இரண்டாவது, பந்து. இருபத்தி மூன்று பிள்ளைக்கு ஒரு பந்து என்றால் வரிசையில் நிற்கத்தான் பழகுவார்கள். ஆளுக்கொரு பந்து வேணும். அதுக்குக் காசு தேவையில்லை. பழைய சொக்ஸுக்குள் துணி திணித்து முடிந்தால் பந்து. உருண்டு ஓடாது, மூஞ்சியில் பட்டாலும் நோகாது.

நோகாமல் இருக்கவேணும், ஏனென்றால் பிடிக்கிறதில்தான் பயம் வருது. பந்து வரும்போது சின்னப்பிள்ளை கண்ணை மூடி முகத்தைத் திருப்பும். அது இயல்பு. நாங்கள் ரெனிஸ் போலை வேகமாக எறிந்து ‘பிடி, பிடி!’ என்று கத்தினால் அந்தப் பயம் குடியிருந்துவிடும். முதலில் காலை அகட்டி இருத்தி உருட்டி விடுங்கோ. பிறகு பலூன், அல்லது காத்தடைத்து முடிந்த சொப்பிங் பை. மெல்ல இறங்கும், கண் அதின் பின்னால் போகும். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் அதுவும் பிடிதான், ‘கையால் பிடி’ என்று திருத்தவேண்டாம். விரலால் பிடிக்க ஐந்து ஆறு வயது ஆகும்.

எறிபட்டவர் வெளியே என்ற விளையாட்டை நான் நிற்பாட்டிவிட்டேன். யாருக்குப் பழக்கம் கூடத் தேவையோ அவர்தான் முதல் வெளியில் போய் வேப்பமரத்துக்குக் கீழ குந்தியிருக்கிறார். அதுக்குப் பேர் பழக்கமோ?

ஒரு தகப்பன் கேட்டார், ‘பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் ரீச்சர் பந்தெறி?’ யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் நின்றவர் என்றேன். ‘அவ உயரம்’ என்றார். உயரம் மட்டும் பந்தைப் பிடிக்குமோ? உங்கட அம்மாவிடம் கொக்கான் வெட்டிக் காட்டச் சொல்லுங்கோ என்றேன். ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்கமுதல் கீழே கிடக்கிறதைக் கூட்டி அள்ளி, மற்றதையும் ஏந்துவா. அந்த மனுசிக்குக் கண்ணும் கையும் ஒன்றாகப் பழகினது எங்கே? அடுத்த நாள் ஆள் மகளோடு ஒரு சொக்ஸ் பந்தும் அனுப்பியிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

விழாவில் சிரிப்பு வாங்கின பொடியன் இப்ப தகரத்தடியை விட்டு வாறானில்லை. பந்துதான் போதேல்லை, இன்னும் ஒன்பது வேணும். வீட்டில் பழைய சொக்ஸ் கிடந்தால் தாங்கோ. சோடி தேடி மினக்கெடவேண்டாம், ஒற்றையும் எடுப்பேன். தோய்த்துத் தந்தால் புண்ணியம்.