கூட்டம் வராததால் அழிந்த கிளப் இல்லை இது

பெண்கள் கால்பந்து பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாதம் தவறாமல் வரும். "ஆண்கள் ஆட்டத்துக்கு நூற்றைம்பது வருஷ வரலாறு இருக்கிறது. பெண்கள் ஆட்டம் இப்போதுதானே வளர்கிறது, கூட்டம் சேரக் காலம் ஆகும்" என்பார்கள். நல்ல மனதோடு பேசுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இங்கிலாந்தைப் பொறுத்தவரை இது உண்மையில்லை. அங்கே பெண்கள் கால்பந்து நூறு வருஷத்துக்கு முன்பே வளர்ந்து, பெரிய மைதானங்களை நிரப்பி, அப்புறம் உத்தரவு போட்டு நிறுத்தப்பட்டது. இதற்குச் சாட்சி டிக், கெர் லேடீஸ் என்ற கிளப். 1917இல் தொடங்கி 1965இல் மூடப்பட்டது.

லங்காஷயரில் உள்ள பிரெஸ்டன் நகரில் டிக், கெர் அண்ட் கோ என்ற கம்பெனி டிராம் வண்டிகளும் ரயில் எஞ்சின்களும் செய்துவந்தது. முதல் உலகப் போர் வந்ததும் அங்கே போர்த் தளவாடங்கள் செய்யத் தொடங்கினார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போனதால் அந்த வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். இடைவேளையில் தொழிற்சாலை முற்றத்தில் ஆண்களோடு பந்து உதைத்துப் பழகினார்கள். கிரேஸ் சிபர்ட் என்ற தொழிலாளி முன்நின்று அணி சேர்க்க, அலுவலகத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃப்ராங்க்லண்ட் அதை நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 1917 கிறிஸ்துமஸ் அன்று, பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் டீப்டேல் மைதானத்தில் இன்னொரு தொழிற்சாலைப் பெண்களோடு ஆட்டம். 10,000 பேர் வந்தார்கள். டிக், கெர் 4-0 என்று ஜெயித்தது. வசூல் காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்குப் போனது.

ஆண்கள் இல்லாத காலத்து வேடிக்கை அது, அதனால்தான் கூட்டம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். போர் 1918 நவம்பரில் முடிந்துவிட்டது. ஆண்கள் திரும்பி வந்தார்கள், லீக் ஆட்டங்களும் மறுபடி தொடங்கின. இந்தப் பெண்களுக்கான கூட்டமோ அதற்கு அப்புறம்தான் பெருகியது. 1920இல் பிரான்சிலிருந்து, அங்கே பெண்கள் விளையாட்டை முன்னின்று வளர்த்த அலீஸ் மிலியா ஓர் அணியைக் கூட்டிவந்தார். டீப்டேலில் நடந்த ஆட்டத்துக்கு 25,000 பேர். அதே வருஷம் இவர்களும் பிரான்சுக்குப் போய் ஆடினார்கள். டிசம்பரில் டீப்டேலில் ஓர் இரவு ஆட்டம். விளக்கு வசதி ஏது? விமானங்களைத் தேட ராணுவம் வைத்திருந்த ஒளிவிளக்குகளை அனுமதி வாங்கிக் கொண்டுவந்தார்கள். பந்து கண்ணுக்குத் தெரிய வெள்ளை பூசினார்கள்.

அதே மாதம் 26ஆம் தேதி லிவர்பூலில், எவர்டன் கிளப்பின் குடிசன் பார்க்கில், செயின்ட் ஹெலன்ஸ் லேடீஸ் அணியோடு ஆட்டம். உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். ஒரே நாளில் வசூல் 3,115 பவுண்டு, அதுவும் நல்ல காரியத்துக்காக. பிரிட்டனில் பெண்கள் கால்பந்துக்கு வந்த கூட்டத்தில் இதை மிஞ்சியது 2012 லண்டன் ஒலிம்பிக்கில், வெம்ப்லி மைதானத்தில்தான். தொண்ணூற்றிரண்டு வருஷம் உடையாத ஒரு சாதனையை "இப்போதுதான் வளர்கிறது" என்ற பேச்சில் எங்கே வைப்பது?

அணியில் லில்லி பார் இருந்தார். செயின்ட் ஹெலன்ஸ் ஊர்க்காரர், பிறந்தது 1905இல், அணியில் சேரும்போது 14 வயது. நல்ல உயரம். இடது ஓரத்தில் ஆடுவார். இடது காலால் அவர் உதைக்கும் உதை ஆண்களுக்கும் வராது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆடினார். கூடவே விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் செவிலியர் வேலை. வாழ்நாளில் அடித்த கோல்கள் ஆயிரத்தை ஒட்டி வரும் என்கிறார்கள். அவர் உச்சத்துக்கு வர வேண்டிய வயதில்தான் பெரிய மைதானங்களின் கதவு சாத்தப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் ஆறாத இடம் இது.

1921 டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்தின் கால்பந்து சங்கமான எஃப்.ஏ. ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது, உறுப்பினர் கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக் கூடாது. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். பெண்கள் பந்து உதைக்கக் கூடாது என்று உத்தரவு போட எஃப்.ஏ.வுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் டிக்கெட் கொடுத்து உள்ளே விடும் வாசல், நின்று பார்க்கும் படிக்கட்டு, ஐம்பதாயிரம் பேர் கொள்ளும் இடம், எல்லாம் எஃப்.ஏ. கிளப்புகளிடம்தான் இருந்தன. அதை மூடினால் கூட்டமும் இல்லை, வசூலும் இல்லை. ஆட்டம் பூங்காவுக்கும் புல்வெளிக்கும் போய்விடும். அப்படித்தான் போனது.

வசூலில் செலவுக்கென்று அதிகம் எடுக்கிறார்கள், தர்மத்துக்குப் போவது குறைவு என்றும் அந்தத் தீர்மானம் குற்றம் சொன்னது. கணக்கில் சந்தேகம் இருந்தால் கணக்கைத் தணிக்கை செய்யலாம். அதற்காக ஒரு நாட்டில் இருக்கும் எல்லாப் பெண்கள் அணிகளுக்கும் மைதானத்தை மூடுவார்களா? அந்த 1921இல்தான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைக்கு விடாமல் முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள். பட்டினி கிடந்த அந்தக் குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடிப் பணம் சேர்த்தன. சிப்பாய்களுக்குச் சேர்த்தவரை பாராட்டு கிடைத்தது. பணம் தொழிலாளர் பக்கம் போனதும் மேலிடத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். தீர்மானத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

மருத்துவர்களின் கருத்தும் துணைக்கு வந்தது. அதில் ஒரு பெயர் நமக்கு நெருக்கமானது. லண்டன் ஹார்லி தெரு மருத்துவர் மேரி ஷார்லீப், கால்பந்து பெண்ணின் உடம்பு தாங்காத ஆட்டம் என்றார். இவர் 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். சென்னைக்காரர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, 1885இல் அவர் முயற்சியால் உருவானது. ஆண் மருத்துவரிடம் போக முடியாமல் தவித்த பெண்களுக்காகப் பாடுபட்டவர். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. ஆனாலும் பெண்ணுக்கு இது ஆகாது என்ற சொல்லைத் தாண்டி மருத்துவம் படித்தவர், அதே சொல்லை இன்னொரு பெண்ணுக்குச் சொன்னது வலிக்கிறது. தடைக்குப் பிறகு ஃப்ராங்க்லண்ட் மருத்துவர்களை அழைத்து ஆட்டத்தைக் காட்டினார். ஒரு நாள் முழுக்கத் துணி துவைப்பதைவிட இது ஒன்றும் பெரிய சிரமமில்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னவரும் ஒரு பெண் மருத்துவர்தான்.

அணி உடனே கலையவில்லை. 1922இல் கனடா போகப் புறப்பட்டார்கள், அங்கேயும் சங்கம் மறுத்தது. அமெரிக்காவுக்குப் போய் ஆண்கள் அணிகளோடு ஒன்பது ஆட்டம் ஆடினார்கள். மூன்றில் வெற்றி, மூன்று டிரா, மூன்றில் தோல்வி. 1926இல் கம்பெனியோடு பிணக்கு வந்து ஃப்ராங்க்லண்ட் வெளியேற, அணி பிரெஸ்டன் லேடீஸ் ஆனது. ரசிகர்கள் பழைய பெயரை விடவில்லை. மொத்தம் 828 ஆட்டங்களில் 758 வெற்றி என்று அணியின் கணக்கு சொல்கிறது. 1957இல் ஃப்ராங்க்லண்ட் இறந்தார். 1965இல் போதிய ஆட்டக்காரர்கள் கிடைக்காமல் கிளப் மூடப்பட்டது. பள்ளியிலும் பெரிய மைதானத்திலும் இடமில்லாத ஓர் ஆட்டத்துக்குப் புது ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? அதன்பிறகு சில வருஷத்தில், 1970களின் தொடக்கத்தில், தடை விலகியது.

எஃப்.ஏ. மன்னிப்புக் கேட்டது 2008இல். லில்லி பார் 1978இலேயே இறந்துவிட்டார். 2019இல் மான்செஸ்டரில் உள்ள தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சரி, வைக்க வேண்டியதுதான். ஆனால் சிலையோடு கடன் தீரவில்லை. ஐம்பது வருஷ டிக்கெட் வசூல், பயிற்சியாளர்கள், அம்மாவைப் பார்த்துப் பந்தைத் தொட்டிருக்க வேண்டிய மகள்கள், எல்லாம் அந்தக் கணக்கில் நிலுவையாக நிற்கிறது. பெண்கள் ஆட்டத்துக்கு இன்று ஒதுக்கும் பணத்தைச் சலுகை என்று சொல்வது எனக்கு ஒப்பவே இல்லை. எடுத்ததைத் திருப்பித் தருகிறார்கள், அதுவும் தவணையில்.

2025இல் எவர்டன் ஆண்கள் அணி புது மைதானத்துக்குப் போய்விட்டது. குடிசன் பார்க் இப்போது எவர்டன் பெண்கள் அணியின் சொந்த மைதானம். அங்கே ஏதோ ஒரு வாரம் இருக்கைகள் காலியாகக் கிடந்தால், "பார்த்தீர்களா, கூட்டம் வரவில்லை" என்று எழுத ஆட்கள் இருப்பார்கள். எழுதுகிறவர்கள் 1920 டிசம்பர் 26ஆம் தேதி அதே மைதானத்துக்கு வந்த 53,000 பேரையும், அடுத்த வருஷம் வந்த தீர்மானத்தையும் சேர்த்தே எழுதட்டும்.