டிஸ்க் பிதுங்கினால் படுத்தே கிடக்க வேண்டியதில்லை

"டிஸ்க் விலகினால் மூன்று மாதம் கட்டாந்தரையில் அசையாமல் படுக்கணும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு. அது இடம்விட்டு நகர்வதில்லை. உள்ளே இருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்கி நரம்பை உறுத்துகிறது. பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் வலி தணியும், பிதுக்கமும் தானாகச் சுருங்கும். டிஸ்குக்கு நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. பக்கத்து எலும்பிலிருந்து ஊறிவரும் சத்துதான் அதற்கு ஆதாரம். அதற்கு அசைவு உதவும். படுத்தே கிடந்தால் முதுகைத் தாங்கும் தசைகள் இளைத்துவிடும்.

வலி கடுமையாக இருந்தால் ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். எழும்போது ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். சிறுநீர் போவதில் சிக்கலோ, கால் பலம் குறைவதோ, தொடையிடுக்கில் மரத்துப்போவதோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.