முள் எடுக்கப்படவில்லையே!
விசுவாசம் முழுமையாக இருந்தால் பலவீனம், அதாவது நோய், உடம்பை விட்டு ஓடிவிடும் என்று ஒரு கிறிஸ்தவக் கட்டுரை சொல்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டும் 2 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரமே அதை மறுக்கிறது. அப்போஸ்தலன் பவுல் 3 முறை வேண்டியும், 'முள்' என்று அவர் சொன்ன உடம்பின் உபத்திரவம் எடுக்கப்படவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. அதே பவுல் தன் உடன் ஊழியரான துரோப்பீமுவை மிலேத்து ஊரில் நோயாளியாகவே விட்டு வந்தார், இன்னொரு உடன் ஊழியரான தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா? வடசென்னையில் காசிமேடு, வியாசர்பாடி பக்கம் நோயாளிகளின் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் 4 மருந்து, அடுத்த 4 மாதம் 3 மருந்து. ஓரிரு மாதத்திலேயே இருமல் அடங்கி எடை ஏறும். அந்த நேரம் பார்த்து 'சுகமாயிற்று, சாட்சி சொல்லுங்கள்' என்று மேடையேற்றினால் மாத்திரை நின்றுவிடும். மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பலாம், பிறகு சிகிச்சை இன்னும் கடினம். இந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயந்து நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். என்ன பாவம் செய்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். யோவான் 9-இல், பிறவிக் குருடரைப் பற்றிச் சீஷர்கள் கேட்டபோது, இயேசுவே அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டார். புலம்புவது அவிசுவாசம் என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அது ஜெபம்தான். படுக்கையில் இருப்பவரோடு அதை மெதுவாக வாசியுங்கள், உடனே விளக்கம் சொல்லாமல் அவரோடு 5 நிமிடம் உட்காருங்கள், கிளம்பும் முன் இன்றைய மாத்திரை போட்டாயிற்றா என்று கேளுங்கள்.